பன்னிரண்டணா வெள்ளாமை

தாத்தா வயலில் இறங்க மாட்டார். வரப்பில் நின்றபடியே கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து ஒருமுறை பார்ப்பார். பத்தடி நடந்து இன்னொருமுறை பார்ப்பார். பிறகு கூட வந்த தலையாரியிடம் "பன்னண்டணா" என்பார். அந்த சர்வே நம்பருக்கு அந்த வருஷ வெள்ளாமை முக்கால் பங்கு என்று முடிவாகிவிடும்.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சின்ன ஊருக்கு அவர் கணக்குப்பிள்ளை. பதினாறணா என்றால் முழு விளைச்சல், எட்டணா என்றால் பாதி. அதற்கும் கீழே இறங்கினால் தீர்வை வஜா கேட்டு மனு எழுதும் பேச்சு ஊரில் தொடங்கிவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் போகமானாலும் இதே முறைதான். கிராமத்தில் சொன்ன அணா தாலுகாவில் கூடி, மாவட்டத்தில் கூடி, கடைசியில் மாகாணத்தின் நெல் உற்பத்தி என்று சென்னையில் அச்சேறும்.

அவருடைய கண்ணை நான் குறைத்துப் பேச மாட்டேன். எந்த வயலுக்குத் தலைமடைத் தண்ணீர் கிடைக்கும், எது கடைமடை, எந்த மண் உவர், யார் எருவடித்தார்கள், யார் வீட்டில் மாடு செத்துப்போய் உழவு தள்ளிப்போனது, எல்லாமே அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணுக்கு வயலோடு சேர்த்து வயல்காரரின் முகமும் தெரியும். யார் பெரிய மிராசு, யார் வாரத்துக்குப் பயிரிடுபவர் என்பதும் தெரியும். பன்னிரண்டு என்று சொல்வதா பத்து என்று சொல்வதா என்கிற இடத்தில் முகம் குறுக்கே வந்து நிற்காமல் இருக்க, அந்த மனிதர் எவ்வளவு நேர்மையானவராக இருந்திருக்க வேண்டும்! தாத்தா நேர்மையானவர் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் ஒரு மாகாணத்தின் சோற்றுக் கணக்கை ஒவ்வொரு ஊரிலும் ஒரு தாத்தாவின் நேர்மையை நம்பி எழுதினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சிக்கல் இன்னொன்றும் இருந்தது. முழு விளைச்சல் என்பதற்கே நாடு முழுக்க ஒரே அளவு கிடையாது. ஒரு மாகாணத்தில் பதினாறணா முழு விளைச்சல் என்றால் இன்னொன்றில் பன்னிரண்டணாவே முழு விளைச்சல். குறைத்துச் சொல்லும் பழக்கமும் கூடவே இருந்தது. வரி கட்டுகிற ஊரில் யார்தான் கூட்டிச் சொல்வார்கள்?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகு வந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள். வயல்வாரியாகப் பயிரெழுதிய தாத்தாவின் அடங்கல் கட்டுகள் தாலுகா அலுவலகத்துக்குப் போன அன்று அவர் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன தை மாதம் அதே ஊர்ப் பக்கம் ஒரு பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்க்கப் போயிருந்தேன். வந்தவர் புள்ளியியல் துறையின் இளம்பெண் அலுவலர். கையில் ஒரு நாடா, நாலு முளைக்குச்சி, கயிறு, தராசு, போன். எந்த சர்வே நம்பர் என்பது ஊருக்கு வரும் முன்பே குலுக்கலில் விழுந்துவிட்டது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்றார். நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று இரண்டு எண்களும் அதேபோலக் குலுக்கலில் வந்தவைதான். எண்ணிக்கொண்டே நெல்லுக்குள் இறங்கி நடந்தார். நின்ற இடத்தில் முதல் முளையை அடித்தார்.

வயல்காரர் ஓடி வந்தார். "மேடம், அங்க வாணாம்மா. அது மடைத் தண்ணி ஏறிப் பாயுற இடம், பயிர் நல்லாத்தான் இருக்கும். இப்படி வந்து கட்டுங்க, எங்க கஷ்டம் இங்கதான் தெரியும்."

"நம்பர் எங்க விழுதோ அங்கதாங்க ஐயா. நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது."

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். நாலு பக்கமும் சரியாக இருந்தால் போதாது, சதுரம் கோணலாகிவிடக்கூடாது. அதனால் மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்து 7.07 மீட்டர் வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. ஒரு முளையைப் பிடுங்கி நகர்த்தி அடித்தார்கள். அடுத்து, கயிற்றை ஒட்டி நின்ற தூர்கள். வேர் உள்ளே இருந்தால் சேர்த்தி, வெளியே இருந்தால் இல்லை என்று குனிந்து, மண்ணை விலக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதிர் உள்ளே சாய்ந்திருந்தும் வேர் வெளியே இருந்த தூரைத் தள்ளிவிட்டபோது, அறுக்க வந்த அம்மா, "ஒரு தூர்ல என்னம்மா ஆயிடப் போவுது?" என்று கேட்டார்.

ஆகும். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு, ஏக்கரில் ஏறக்குறைய 162-இல் ஒரு பங்கு. கயிற்றோரத்தில் கை தாராளமாகி ஒரு கிலோ நெல் கூடுதலாக உள்ளே வந்துவிட்டால் ஏக்கருக்கு 162 கிலோ கூடிவிடும். இரண்டு மூட்டைக்கும் மேல். தார்ப்பாயில் கட்டடித்து, முறத்தில் தூற்றி, பதர் போக்கி நிறுத்தபோது 11 கிலோ 350 கிராம் இருந்தது. அதிலிருந்து ஒரு கிலோவைத் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டார்கள். அதைக் காயவைத்து எடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே கணக்கில் வந்துவிடக்கூடாது.

வயல்காரர் ஏன் ஓடி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர் ஏமாற்ற வந்தவர் அல்ல. 2016-இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து, இந்தச் சதுரம் சொல்வதுதான் ஊருக்கே இழப்பீடு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது நாலு பரிசோதனை. கடந்த ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷத்தின் சராசரியை வைத்து ஒரு வரம்பு விளைச்சல் கணக்கிடுகிறார்கள். இந்த வருஷ விளைச்சல் அதற்குக் கீழே எத்தனை சதவீதம் இறங்கியதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும். வரம்பு ஏக்கருக்கு 2000 கிலோ, காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு சதுரத்திலும் கயிற்றோரக் கை ஒவ்வொரு கிலோ தாராளமாக இருந்தால், நஷ்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு 2,900 ரூபாய்க்கு மேல் போய்விடும். வயலே அறுக்கப்படாத கடைமடைக்காரருக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெண் மண்ணைக் கிளறி வேரைத் தேடியது அந்தக் காசைத்தான்.

கயிற்றோரத்து இந்த ஒரு தூர், ஒருகாலத்தில் இந்தியாவின் இரண்டு பெரும் புள்ளியியலாளர்களை எதிரெதிராக நிறுத்தியது. வங்கத்தில் ஜமீன்தார்கள் மாறாத வரி கட்டும் நிரந்தரச் செட்டில்மென்ட் இருந்ததால் நம் ஊர்போலக் கிராமத்துக்குக் கிராமம் கணக்குப்பிள்ளை கிடையாது. எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்கிறார்கள் என்பதே அரசுக்குத் தெரியாது. அதனால்தான் பி.சி. மகலனோபிஸ் 1930-களின் பிற்பகுதியில் மாதிரிக் கணக்கெடுப்பை அங்கே தொடங்கினார். சென்னை மாகாணத்தின் நிலைமை நேர் எதிர். பெரும்பகுதி, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி என்பதால் பரப்பளவு வயல் வயலாக அடங்கலில் இருந்தது. விளைச்சல்தான் வரப்பிலிருந்து பார்த்துச் சொன்னதாக இருந்தது. மகலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டுகளை நிறைய அறுத்தால் போதும் என்றார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி.வி. சுகாத்மே, துண்டு சின்னதாகச் சின்னதாகப் பரப்பைவிட ஓரம் பெரிதாகிறது, ஓரத்துத் தூர்களைக் கை தன்னையறியாமல் உள்ளே இழுக்கிறது, விளைச்சல் கூடித் தெரிகிறது என்று 1940-களில் எடுத்துக் காட்டினார். இருவருக்கும் இடையே கடுமையான வாதம் நடந்தது. எனக்கு அதில் பிடித்தது, இரண்டு பேருமே மனிதக் கையைச் சந்தேகிக்கத் துணிந்ததுதான். தாத்தாவின் ஊரில் அந்தச் சந்தேகத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது வானத்திலிருந்தும் பார்க்கிறார்கள். 2023 காரிப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் போடும் மதிப்பீட்டையும் பயிர்க் காப்பீட்டில் ஒரு பங்காகச் சேர்க்கச் சொல்கிறது திட்டம். நல்லதுதான். ஆனாலும் அந்தப் படம் சொல்வது சரியா என்று பார்க்க யாராவது ஒருவர் முளைக்குச்சியோடு வயலில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

குலுக்கலை நம்புவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடும்பு என்ற ஊர்ப்பிரிவு வாரியாகப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கின்றன. அங்கே தேர்ந்தது வாரிய உறுப்பினர்களை, இங்கே தேர்வது வயலை. தகுதியில்லாதவர் பெயர் குடத்துக்குள் போகாதபடி அங்கே எத்தனையோ நிபந்தனைகள் உண்டு. நம் குலுக்கலிலும் அதுவே முதல் கவலை: எல்லா வயலின் நம்பரும் குடத்துக்குள் இருக்கிறதா?

இவ்வளவும் சொன்ன பிறகு, இழந்ததையும் சொல்லாமல் விட முடியாது.

1763-இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரம் அதற்குள்தான் இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அந்தச் சீமையின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்த விவரங்கள் அதற்கு அடிப்படை. 1960-களில் தரம்பால் ஆவணக் காப்பகத்தில் இந்தக் கணக்குகளைக் கண்டு வெளியில் பேசத் தொடங்கினார். பிறகு சென்னையில் ஜே.கே. பஜாஜும் எம்.டி. சீனிவாஸும் அவற்றில் பல வருஷம் உழைத்தார்கள்.

அந்த ஓலைகளில் இருப்பது விளைச்சல் மட்டுமல்ல. எத்தனை வீடு, எந்தச் சாதியார், எத்தனை காணி நன்செய், எத்தனை புன்செய், ஏரி, தோப்பு, களத்துமேடு என்பதோடு, நெல் களத்தில் குவிந்ததும் அது யார் யாருக்குப் போனது என்பதும் இருக்கிறது. கோயிலுக்கு இவ்வளவு, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், தலையாரி, ஏரி மடை பார்ப்பவர், கணக்குப்பிள்ளை என்று பங்கு பிரிகிறது. அந்தப் பங்குக்குப் பெயர் சுதந்திரம். 1947-இல் நாம் கொண்டாடிய சொல்தான். களத்துமேட்டில் அதற்கு அப்போது அர்த்தம், அளந்து வாங்கிக்கொள்ளும் உரிமை நெல்.

அந்த ஓலைகளை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வரி போட வந்த கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த கணக்கு அது. கலம் என்பது எல்லா ஊரிலும் ஒரே கலம் அல்ல. அதைக் கிலோவாக்கும் இடத்தில் ஆய்வாளருக்கு ஆய்வாளர் விடை மாறுகிறது, அதை ஒட்டி அந்தக் காலத்து ஏக்கர் விளைச்சலும் ஏறி இறங்குகிறது. பங்கில் யாருக்குக் கிள்ளியும் யாருக்கு அள்ளியும் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணைத் திறந்துகொண்டு படிக்க வேண்டும். அப்படியும் ஒன்று உறைக்கிறது. இன்றைய சதுரம் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று தாத்தாவைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. அந்த நெல் களத்தைவிட்டு யார் வீட்டுக்குப் போகிறது என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியில் போனவர்களும் உண்டு. காஞ்சியிலிருந்து பாலாற்றைத் தாண்டினால், தூசி மாமண்டூர் ஏரியைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் அந்த ஏரியின் பெயரிலுள்ள தூசி கிராமமும் ஒன்று. 1918-இல் நூலாக வந்தது. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் கே. பாரதனும் மறுபடியும் தூசிக்குப் போய், 1984-இல் தங்கள் மறு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஊர், அதே வகைக் கேள்விகள், தலைமுறைக்கு ஒருமுறை. எந்தக் குலுக்கலும் தூசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே தூசியை வைத்துத் தமிழ்நாட்டைப் பெருக்கிச் சொல்ல முடியாது. ஆனால் யாருடைய நிலம் யார் கைக்கு மாறியது, கூலி எப்படி மாறியது என்பதைக் கேட்க, ஒரே இடத்தில் மறுபடியும் மறுபடியும் போய் நிற்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நெல். காஞ்சி என்றால் தறியும்தானே!

தறியை எண்ணுவது வயலை அளப்பதைவிடக் கடினம். வயல் நகராது. நெசவாளர் நகர்வார்: ஆள் தறிக்குப் போவார், கூலி குறைந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவார், முகூர்த்த மாதம் வந்தால் திரும்பித் தறிக்குழியில் கால் வைப்பார். மக்கள் கணக்கெடுப்பில் 1901-இல் காஞ்சியில் 46,164 பேர், 2011-இல் நகராட்சிக்குள் 1,64,384 பேர். அந்தப் பெருக்கம் எளிதாகத் தெரிகிறது. ஆனால் 2019-இல் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டைத் தனியாக்கிவிட்டார்கள். பழைய மாவட்ட எண்ணையும் புதிய மாவட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்து ஆள் குறைந்துவிட்டது என்று பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைத்தறிக்குத் தனிக் கணக்கெடுப்பு 1987-88-இல் தொடங்கியது. மூன்றாவது, 2009-10-இல், நாடு முழுக்கக் கைத்தறித் தொழிலாளர் 43.31 லட்சம் பேர் என்றது. நான்காவது, 2019-20-இல், 35.22 லட்சம் என்றது. ஆனால் கைத்தறிக் குடும்பங்கள் 27.83 லட்சத்திலிருந்து 31.45 லட்சமாகக் கூடியிருக்கின்றன. குடும்பம் கூடி ஆள் குறைந்தால், வீட்டுக்குள் யாரைத் தொழிலாளர் என்று எழுதினார்கள், யாரை விட்டார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும்.

விட்டுப்போனவர்களைக் கணக்கிட ஓர் அழகான வழி உண்டு. 1949-இல் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் சேர்ந்து எழுதியது. கல்கத்தா அருகே சிங்கூரில் பிறப்பு, இறப்புப் பதிவு எவ்வளவு விட்டுப்போகிறது என்று பார்க்க உருவானது. அதைத் தறிக்குப் பொருத்திப் பார்ப்போம்: ஒரு தெருவில் ஒருவர் எண்ணி 80 தறி என்கிறார். அவரைப் பார்க்காமல் இன்னொருவர் எண்ணி 70 என்கிறார். இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை 56. முதல்வர் கண்ட 80-இல் 56-ஐ, அதாவது பத்துக்கு ஏழை, இரண்டாமவர் கண்டிருக்கிறார். அப்படியானால் அவர் கண்ட 70-உம் மொத்தத்தில் பத்துக்கு ஏழுதான். தெருவில் 100 தறி இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கண்டது 94, இருவர் கண்ணிலும் படாதவை ஆறு. இரண்டு பேரும் ஒரே சங்கத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஒருவர் விட்டதையே மற்றவரும் விடுவார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும். நம் பிறப்பு, இறப்பு விகிதங்களைச் சொல்லும் மாதிரிப் பதிவு முறை இன்றும் இதேபோல இரண்டு பேரை விட்டுத் தனித்தனியாக எழுதி ஒப்பிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தை என்று 2020-க்குச் சொன்னதும் அந்த முறைதான்.

ஆனால் இரண்டு பேர் தனித்தனியாகப் போனாலும், கேள்வியே தப்பாக இருந்தால் இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார். கோர்வைச் சேலை. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரைக்கான நாடாவை மறுபக்கமிருந்து வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். ஒருகாலத்தில் அது சின்னப் பிள்ளைகளின் கை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், நல்லவேளை. இப்போது அந்தக் கை அவர் மனைவியுடையது. கோர்வை முடிந்ததும் எழுந்து ராட்டைக்குப் போய்த் தார் சுற்றினார். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"நீங்க என்னக்கா வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டு வேலைதாம்மா. சும்மாதான் இருக்கேன்." ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.

நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம் என்று பிரித்து எழுதியது. இவரைப் போன்றவருக்கு அதில் இடம் உண்டு. நெசவாளர்களில் 72 சதவீதம் பெண்கள் என்றும் அது சொன்னது, அந்தக் கூட்டலில் பெரும்பங்கு வடகிழக்கு மாநிலப் பெண்களுடையது. ஆனால் கேட்க வருபவர் வாசலில் நின்று அண்ணனிடம் கேட்டால், அக்காவின் பதிலும் அண்ணன் சொல்வதாகத்தான் இருக்கும்.

2019-இல் முதன்முறையாக நாடு தழுவி ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. உங்கள் தொழில் என்ன என்று அது ஆரம்பிப்பதில்லை. நேற்று அதிகாலை நாலு மணியிலிருந்து இன்று அதிகாலை நாலு மணி வரை, அரைமணிக்கு அரைமணி என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள் என்று தெரிந்தது அப்போதுதான்.

என் நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டு அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் பிடித்தது, கோலம் போட்டது, இட்லி, பிள்ளைகள், பிறகு தார், பிறகு கோர்வை, சமையல், மறுபடியும் கோர்வை. எழுதி முடித்து எண்ணினோம். தாருக்கும் கோர்வைக்கும் மட்டும் பதின்மூன்று கட்டம். ஆறரை மணி நேரம். தறியிலிருந்த அண்ணன் நாடாவை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, சாயங்காலம் நாலு மணிக்கு நான் வெறுமையாக விட்டிருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க கரண்ட் போயிருந்தது. மோட்டார் ஓடல. கையாலதான் சுத்தினேன். அதையும் எழுதிக்கம்மா."

பதினான்கு.